டீசலைக் குடித்த டயர்

திருவல்லிக்கேணியில் இருந்துகொண்டு நானும் கணவரும் ஒரே ஒரு லாரியை வைத்துப் பெங்களூருக்குச் சரக்கு அனுப்புகிறோம். போன வருடம் திடீரென்று மைலேஜ் குறைந்தது. டிரைவர் அன்வர் டீசலைத் திருடி விற்கிறார் என்று கணவர் முடிவே கட்டிவிட்டார்.

“இன்னாக்கா, என்னியப் போய் சந்தேகப்படுறீங்களே. நீங்களே வண்டில ஒரு நடை வந்து பாருங்க” என்றார் அன்வர்.

டேங்க்கை நிரப்பிக்கொண்டு நானே ஏறி உட்கார்ந்தேன். போக வர வண்டியைவிட்டு நகரவில்லை. அப்போதும் அதே குறைந்த மைலேஜ்தான். ஆனால் நெடுஞ்சாலை முழுக்கச் சக்கரங்களிலிருந்து ஓர் இரைச்சல் கேட்டது.

“இந்தச் சத்தம் எப்பலேர்ந்து?” என்று கேட்டேன்.

“புது டயர் போட்டதுலேர்ந்து இப்டித்தான் கத்திக்கினு கீதுக்கா.”

இறங்கிப் பார்த்தேன். பின்சக்கரங்களில் கணவர் வாங்கிப் போட்டிருந்தவை குவாரி மண்ணில் ஓடுவதற்கான, ஆழமாக வெட்டிய பள்ளங்கள் கொண்ட டயர்கள். தார்ச்சாலையில் அவை உருளவே கூடுதல் டீசல் வேண்டும். நெடுஞ்சாலைக்கான டயர்களாக மாற்றி, அதே சரக்கோடு அதே சாலையில் அனுப்பினோம். மைலேஜ் பழையபடி வந்துவிட்டது. கணவரே அன்வர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார்.

இப்போது டயர் வாங்கப் போவது நான்தான். வண்டி எந்தச் சாலையில் ஓடும் என்று சொல்லித்தான் கேட்கிறேன். மைலேஜ் குறைந்தால், ஆளைச் சந்தேகப்படும் முன் சக்கரங்களைப் பார்க்கிறோம்.