பாய் வேண்டாம் என்ற பாட்டு

எழுபதுகளின் நடுவில், தருமபுரியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்டாக இருந்தபோது நடந்தது இது. வாரத்தில் ஆறு நாள் டைப் அடிப்பேன். ஞாயிற்றுக்கிழமை பேஸ் கிடார் வாசிப்பேன். பெங்களூரில் பழையதாக வாங்கிய கிடார். உறையில் போட்டுத் தெருவில் தூக்கிக்கொண்டு போனால், துப்பாக்கியா என்று கேட்டவர்களும் உண்டு.

எங்கள் மெல்லிசைக் குழுவில் எட்டுப் பேர். பாடுகிறவர்கள், அக்கார்டியன், புல்லாங்குழல் எல்லாரும் சேலத்துக்காரர்கள். குழுத் தலைவரும் அங்கேதான். தருமபுரியில் இருந்தது நானும் டிரம்ஸ் வாசிப்பவரும் மட்டும். அவரை பாய் என்று கூப்பிடுவேன். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். தகரத்தில் டிரங்குப் பெட்டி செய்யும் பட்டறை வைத்திருந்தார். நான் ஆபீஸில் வேலை பார்ப்பதால் என்னை சார் என்பார். வேண்டாம் என்று எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை.

வாராவாரம் சேலத்துக்குப் போய்வர முடியாது. அதனால் தலைவர் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். நாங்கள் இருவரும் தனியாகப் பழக வேண்டும். எந்தெந்தப் பாட்டு கைக்கு வந்துவிட்டது என்று கடிதம் போட வேண்டும். அதை வைத்து அவர் நிகழ்ச்சிக்குப் பாட்டு எடுப்பார்.

ஞாயிறு காலையில் பட்டறையின் மாடியில் உட்காருவோம். மாடி என்றால் தகரம் அடுக்கி வைக்கும் பலகைத் தளம். என் ஸ்பீக்கர் பெட்டியை அவருடைய ஸ்டூலுக்குப் பக்கத்தில், பலகை மேல்தான் வைக்கச் சொல்வார். இடம் இல்லாததால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

பாடுகிறவர் இல்லாமல், மெட்டு வாசிக்க ஆள் இல்லாமல், பேஸும் டிரம்ஸும் மட்டும் ஒரு பாட்டை வாசிப்பது விசித்திரமான வேலை. ரேடியோவில் கேட்டு உருகிய பாட்டு எங்கள் கையில் வெறும் சத்தமாகப் போய்விடும். ஒன்றுமில்லை என்று நினைத்த பாட்டு எழுந்து நிற்கும். எதிரே சைக்கிள் கடைக்காரர் ஒருவர் இருந்தார். மெட்டே இல்லாமல் நாங்கள் வாசிப்பதைக் கேட்டு, இது இன்ன பாட்டு என்று அவர் கீழேயிருந்து சொல்லிவிட்டால் அந்தப் பாட்டு தேறியது என்று கணக்கு. அவர் சொல்லாவிட்டால் அடுத்த வாரமும் அதையே வாசிப்போம்.

பாட்டுத் தேர்வில்தான் எங்களுக்குள் இழுபறி. நான் நோட்டில் பத்துப் பாட்டு எழுதிப் போனால், பாய் நாலைக் கோடு போட்டு அடித்துவிடுவார். தொடக்கத்திலிருந்தே தாளம் ஓடும் பாட்டுகளை வைத்துக்கொள்வார். பாடுகிறவர் தனியாக இழுத்து, நிறுத்தி, அதன்பின் தாளம் சேரும் பாட்டு எதுவானாலும் வேண்டாம் என்பார். எனக்குப் பிடித்த பாட்டு ஒன்று அப்படிப்பட்டதுதான். அதன் இடையிசையில் பேஸுக்கு வேகமான ஓட்டம் ஒன்று வரும். ஒரு மாதம் வீட்டில் உட்கார்ந்து அதைப் பழகியிருந்தேன். மூன்று வாரம் தொடர்ந்து நோட்டில் எழுதினேன். மூன்று வாரமும் அடித்தார்.

“எதுக்கு பாய் வேணாம்?”

“அது சரியா வராதுங்க சார். வுட்டுடுங்க.”

அதற்கு மேல் பேசமாட்டார். கஷ்டமான பாட்டு என்றால் ஆளுக்குப் பயம் என்று நான் முடிவு கட்டினேன். நான் முன்னேறாததற்கே அவர்தான் காரணம் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

நல்லம்பள்ளிப் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்புக்குக் குழுவை அழைத்திருந்தார்கள். நாங்கள் ஒத்துக்கொண்ட பதினோரு பாட்டை ஆபீஸில் டைப் அடித்தேன். அடியில் பன்னிரண்டாவதாக அந்தப் பாட்டையும் சேர்த்தேன். இருவரும் பழகிவிட்டோம் என்று எழுதிக் கடிதத்தைப் போட்டேன். பாயிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு நிகழ்ச்சி. மண்ணைக் கொட்டி இறுக்கிய மேடை. வயர் நீளம் போதாததால் என் ஸ்பீக்கரை மேடையின் மறுகோடியில் வைத்தார்கள். பாய் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தலைவர் பாட்டு வரிசையைக் கையில் கொடுத்ததும் அதைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கிடாரைச் சுருதி சேர்ப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

முதல் இரண்டு பாட்டு எப்படியோ ஓடின. மூன்றாவது என்னுடையது. பாடகர் தனியாக இழுத்து நிறுத்தினார். நான் பேஸைத் தொடங்கினேன். டிரம்ஸ் வரவில்லை. இரண்டு தாள அடி தள்ளி வந்தது, அதுவும் அவசரமாக. பாடகர் தடுமாறினார், அக்கார்டியன் நின்றுவிட்டது. முன்வரிசையில் சிரிக்க ஆரம்பித்தார்கள். “ஆர்கெஸ்ட்ரா தூங்கிடுச்சாப்பா?” என்று ஒருவர் கேட்டது மைக்கிலேயே விழுந்தது. காபி இடைவேளை என்று தலைவர் அறிவித்தார்.

பந்தலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே பாய் முகம் கழுவிக்கொண்டிருந்தார். தலைவர் அவருடைய இடது பக்கமாக வந்து நின்றார்.

“சேலத்துல டிரம்ஸ் வாசிக்கிறவன் நாலு பேர் இருக்கான். அடுத்த புரோகிராமுக்கு நீ வர வேணாம்.”

பாய் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பாத்தியா திமிர?” என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தலைவர் போய்விட்டார்.

எனக்கு ஏதோ உறைத்தது. சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன்.

“பாய், அவர் சொன்னது காதுல விழுந்துச்சா?”

அவர் என் வாயைப் பார்த்தார். “இல்லைங்க. என்ன சொன்னாருங்க?”

நான் சொன்னேன். தலையசைத்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவரே சொன்னார். “இடது காது மூணு வருசமா கேக்கறதில்லைங்க சார். வலது பாதிதான். தகரம் அடிச்சு அடிச்சுப் போயிடுச்சு. உங்க பேஸு பலகையில வரும், காலுக்குத் தெரியும். அத வெச்சு வாசிச்சிருவேன். இங்க மண்ணு மேடை, ஒண்ணும் வரலைங்க. பாடறவங்க நிறுத்தற எடம் எனக்குத் தெரியாதுங்க. வூட்ல கூட சொல்லலை.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பாய்.”

“சொல்லியிருந்தா எங்கூட வாசிச்சிருப்பீங்களா?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. “யாருக்கும் சொல்லாதீங்க சார்” என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

தலைவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். குழுவினர் எல்லாரும் சுற்றி இருந்தார்கள். அந்தப் பாட்டைச் சேர்த்தது நான்தான், அவர் அதைப் பழகவே இல்லை, பழகிவிட்டதாக எழுதியது பொய் என்று சொன்னேன். காதைப் பற்றிச் சொல்லவில்லை. ஆபீஸிலும் இப்படித்தான் பொய்யை டைப் அடிப்பாயா என்று தலைவர் எல்லார் முன்னாலும் கேட்டார். புல்லாங்குழல்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். கடைசியில், “மிச்சப் பாட்டுல எப்படி வாசிக்கறான்னு பாக்கறேன்” என்றார் தலைவர்.

அக்கார்டியன்காரரை இடம் மாறச் சொல்லி, வயரைக் குறுக்கு வழியில் இழுத்து, ஸ்பீக்கரைப் பாயின் ஸ்டூலை ஒட்டி வைத்தேன். அவர் செருப்பைக் கழற்றி இடது பாதத்தைப் பெட்டிமேல் சாய்த்துக்கொண்டார். கூட்டத்துக்கு முதுகு காட்டி, என் கை அவருக்குத் தெரியும்படி நின்றேன். பாடகர் நிறுத்தும் இடங்களில் தலையசைத்தேன். மீதி ஒன்பது பாட்டிலும் ஓர் அடிகூடப் பிசகவில்லை. தலைவர் பாராட்டவில்லை. ஆனால் அடுத்த நிகழ்ச்சிக்கான தேதியை எங்கள் இருவரிடமும் சொல்லிவிட்டுத்தான் வேனில் ஏறினார்.

அதன்பின் நாலு வருடம் சேர்ந்து வாசித்தோம். நோட்டில் பாட்டு எழுதும்போது, தாளம் எங்கே சேர்கிறது, அந்த இடத்தில் நான் எப்படி அடையாளம் காட்டுவது என்பதைத்தான் முதலில் பார்த்தேன். பிடித்த பாட்டா என்பது அதற்கப்புறம். அப்படித் தேர்ந்தெடுத்த பாட்டுகளில்தான் நான் சுமாராகவாவது வாசிக்கக் கற்றேன். அந்த ஒரு பாட்டை மட்டும் நாங்கள் மறுபடி எடுக்கவில்லை. தலையசைத்து வாசித்திருக்கலாம். இருவருமே அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

எனக்கு வேறு ஊருக்கு மாற்றலான வருடம், வலது காதும் மோசமாகிவிட, பாய் தானே தலைவரிடம் சொல்லிவிட்டு விலகினார். உனக்கு முன்பே தெரியுமா என்று தலைவர் எனக்கு ஒரு கார்டு போட்டார். தெரியும் என்று பதில் எழுதினேன். அதற்கு மேல் அவர் எழுதவில்லை.

இத்தனை வருடம் கழித்தும், யாராவது காரணம் சொல்லாமல் ஒன்றை வேண்டாம் என்றால், அவரிடம் காரணமே இல்லை என்று முடிவு கட்ட எனக்குத் துணிவு வருவதில்லை.