பக்கத்துக் கட்டில்

யுத்தகாலத்தில் வன்னியிலிருந்து வந்து கொழும்பு வெள்ளவத்தையில் எங்களுடன் தங்கியிருந்த என் தம்பிக்குக் குளிர்காய்ச்சல். அவசரப் பிரிவில் டொக்டர் ஊரைக் கேட்டார். வாசலில் பொலிஸ் நின்றது; வன்னி என்றாலே புலியென்று சந்தேகித்துப் பிடித்துப்போகும் காலம். "வெள்ளவத்தைதான்," என்றேன்.

அவர் குனிந்து தமிழில் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, நான் பொலிசுக்காகக் கேக்கேல்லை. நுளம்பு எங்க கடிச்சதெண்டு தெரிஞ்சால்தான் சரியான டெஸ்டை உடனே எடுக்கலாம்."

"வன்னி," என்றேன். விரல்நுனி இரத்தத்தில் மலேரியா என்று தெரிந்தது; வன்னியில் பரவியிருந்தது, கொழும்பில் யாரும் அதைத் தேடுவதில்லை. தம்பி பிழைத்தான்.

பக்கத்துக் கட்டிலில் அதே நடுக்கத்தோடு ஒரு குழந்தை. தாயும் வன்னிதான், வரிசையில் நிற்கும்போது என் காதில் சொல்லியிருந்தாள். இன்னொரு டொக்டர் கேட்டபோது அவளும் என்னைப்போலவே கொழும்பைத்தான் சொன்னாள்: "கொட்டாஞ்சேனை." காட்டிக்கொடுத்ததாகிவிடுமோ என்று பயந்து நான் வாய் திறக்கவில்லை.

அடுத்த நாள் குழந்தை இறந்துவிட்டது. யாராவது என்னிடம் ஊரைக் கேட்டால், இன்றும் அந்தத் தாயின் குரல்தான் முதலில் பதில் சொல்கிறது.