கொட்டாஞ்சேனையில் கூர்ப்பு இலவசம்

ஒரே ஒரு சொல்லுக்காகச் சண்டை போட்டு, அந்தச் சண்டையை முடிக்கக் கடல் தாண்டியும் போனவள் நானாகத்தான் இருப்பேன். நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். உயிர்கள் தலைமுறை தலைமுறையாக மாறி, ஒன்றிலிருந்து பலவாகப் பிரிந்து வந்த கதையை எங்கள் பக்கத்தில் 'பரிணாமம்' என்போம். இலங்கைப் பாடநூல்களில் அதற்குக் 'கூர்ப்பு' என்று பெயர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் உயிரியல் கற்பிக்கும் ரெஜினாவும் நானும் தமிழ் ஆசிரியர்களின் வாட்சப் குழு ஒன்றில் இதற்காக வரிந்துகட்டாத வாரமே கிடையாது. கூர்ப்பு என்றால் பென்சில் சீவுவது போல இருக்கிறது என்பேன் நான். பரிணாமம் என்றால் பிள்ளைகளுக்கு நித்திரை வரும் என்பார் அவர். கடைசியில் ஒரு குரல்செய்தி அனுப்பினார்: "என்ட பிள்ளைகள் கூர்ப்புக் கண்காட்சி வைக்கிறாங்க. வந்து பாத்திட்டுப் பிறகு கதையுங்க, ரீச்சர்."

சவால் விட்டால் சும்மா இருக்கும் சுபாவம் எனக்கு இல்லை. டிக்கெட் போட்டேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, கொடுத்த சாண்ட்விச்சை முடிப்பதற்குள் கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டேன். அங்கிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர் போல பஸ்ஸில் புறக்கோட்டை. மூட்டை தூக்கும் ஆட்களுக்கு வழிவிட்டு, வழிவிட்டு, வெளியே வரவே அரை மணி ஆயிற்று. வெள்ளவத்தையில் நான் தங்கும் விடுதிக்கு ஒரு த்ரீவீலர் பிடித்தேன். மீட்டர் ஆயிரம் ரூபாயை நெருங்கியது. ஓட்டுநர் சிங்களவர், உடைந்த தமிழில் ஓயாமல் பேசுகிறவர். இந்தியாவில் என்ன வேலை என்று கேட்டார். வேண்டுமென்றே என் சொல்லைச் சொன்னேன்: "பரிணாமம் சொல்லிக் குடுக்கிறேன்."

"ஆ, பரிணாமய!" என்று இரண்டு கையையும் ஒரு நொடி விட்டுவிட்டார். "மம தன்னவா அக்கா, தெரியும், தெரியும். ஸ்கூல்ல படிச்சது!"

சிங்களத்திலும் அதே சொல்லாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. தமிழ் ரெஜினாவுக்கு எட்டிக்காய், சிங்கள ஓட்டுநருக்குச் சர்க்கரை. ஒரு ஓட்டு விழுந்தது எனக்கு என்று அப்போதே ரெஜினாவுக்குச் செய்தி தட்டினேன். பதிலுக்கு ஒரு சிரிப்பு முகம் வந்தது. கூடவே ஒரு கவலையும் வந்தது: "ரீச்சர், ஹோல் திறப்பு அல்பிரட்டிட்ட இருக்கு. அதுதான் பயம்."

அல்பிரட் அவருடைய கணவர், துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுத்தர், கண்காட்சி நடக்கும் தேவாலய மண்டபத்தின் குழுச் செயலாளர். கணவரே திறப்பு விழா நடத்துகிறாரே, இதில் என்ன பயம் என்று எனக்குப் பட்டது. வாழ்த்துச் சொல்லிவிட்டுத் தூங்கிப்போனேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து இறங்கும் எந்தச் சந்தும் கடலில்தான் போய் முட்டும். நடுவே ரயில் பாதை. தண்டவாளத்தைத் தாண்டி மணலில் நின்றால் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. காகம் ஒன்று தலையைச் சாய்த்து மணலையே பார்த்துக்கொண்டிருந்தது. நானும் அது பார்த்த இடத்தையே பார்த்தேன். மணல் நகர்ந்தது. நண்டு! மணலின் நிறத்தை அப்படியே வாங்கிக்கொண்ட சின்ன நண்டுகள் அங்கே ஓடிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்று மட்டும் கொஞ்சம் கறுத்தது. காகம் அதைத்தான் கொத்திக்கொண்டு போனது. வருடக்கணக்காகக் கரும்பலகையில் வரைந்து காட்டியதைக் கண்ணால் பார்த்த சந்தோஷத்தில், பக்கத்தில் நடைபயின்ற ஒரு பெரியவரிடம் "பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்று கூவிவிட்டேன். அவர் பயந்து வேகமாக நடந்தார்.

வெள்ளவத்தை நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டு எடுத்தேன். பம்பலப்பிட்டி தாண்டியும் கடல் ஜன்னலை விட்டுப் போகவில்லை. கோட்டையில் இறங்கி, பஸ் மாறி, ஒன்பதுக்கெல்லாம் கொட்டாஞ்சேனை. துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் கூரைகளுக்கு மேலே தெரியும் தெரு ஒன்றில், தேவாலயத்தை ஒட்டி அந்த மண்டபம். வாசலில் பானர். அச்சுக்கடைக்காரர் இடம் பார்த்து எழுத்தை அமைத்திருந்தார். 'கூர்ப்பு' என்பது ஆள் உயரம், 'இலவசம்' அதில் பாதி. 'உயிரினங்களின்', 'கண்காட்சி', 'அனுமதி' எல்லாம் எறும்பு ஊர்வது போல ஓரத்தில்.

ரெஜினா ஓடிவந்து கட்டிக்கொண்டார். பின்னால் கறுப்புக் கால்சட்டையும் இஸ்திரி போட்ட சட்டையுமாக ஒருவர் விறைப்பாக நின்றார். அல்பிரட் என்று புரிந்தது. "திறப்பு உங்க கையாலன்னு கேள்விப்பட்டேன். வாழ்த்துகள் சார்," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய சாவியை எடுத்துக் காட்டினார். "ஓம், என்ட கையிலதான். பன்னிரண்டு மணிக்குப் பூட்டுறதும் இந்தக் கைதான்."

அப்போதுதான் உறைத்தது. இந்த ஊரில் திறப்பு என்றால் சாவி!

ரெஜினா என்னை உள்ளே இழுத்துப்போய்ச் சொன்னார். மண்டபத்தைச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் தர ஃபாதருக்குச் சம்மதம்தான். குழுவில்தான் இழுபறி. வேதத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை என்று செயலாளர் பார்த்துச் சொல்ல வேண்டும், சனிக்கிழமை மதியத்துக்குள் அவருக்குத் திருப்தி இல்லாவிட்டால் மூடிவிட வேண்டும் என்று முடிவாயிற்றாம். "ஞாயிறு பூசை முடிஞ்சாத்தான் சனம் வரும் ரீச்சர். இண்டைக்குப் பூட்டினா பிள்ளைகளிட மூண்டு மாச வேலை அரிசிச் சாக்கில வீட்டுக்குப் போகும். நான் எப்பிடி அவங்கட முகத்தைப் பாக்கிறது?" கண் கலங்கியிருந்தது. கணவரிடமே ஒரு மாதமாகக் கெஞ்சியும் நடக்கவில்லையாம். அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சியோ பிரமாதம். வௌவாலின் சிறகு, திமிங்கிலத்தின் துடுப்பு, நம் கை மூன்றுக்கும் உள்ளே ஒரே எலும்பமைப்பு என்று களிமண்ணில் செய்து வைத்திருந்தார்கள். குறடு, இடுக்கி, கரண்டி மூன்றும் மூன்று பறவை அலகுகள். எந்த அலகால் எந்தத் தானியத்தைப் பொறுக்க முடிகிறது என்று விளையாட்டு. நுளம்புத்திரிக்கு நுளம்பு, அதாவது நம் ஊர்க் கொசு, ஏன் இப்போது சாவதில்லை என்று ஒரு மூலை. ஒரு சுவர் முழுக்க மரம் ஒன்று வரைந்து, நுனியில் ஒரு சிறு கிளைக்கு மட்டும் 'மனிதர்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். அந்தக் கிளைக்குள் பிரிவே இல்லை. இனத்துக்கு இனம் வேலி இருக்கும் ஊரில் இப்படி ஒரு கிளை வரைய நெஞ்சு வேண்டும். நடுவில் இந்தக் கொள்கையைச் சொன்ன வெள்ளைத் தாடிக்காரரின் பெரிய படம்.

பத்து மணி. பார்வையாளர் ஒருவரும் இல்லை. பத்தரை. அதே கதை. அல்பிரட் கதவருகில் நாற்காலி போட்டு, சாவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பதினொரு மணி போல ஒரு பெண்மணி வந்தார். மேரி அக்கா, சந்தையில் மீன் விற்கிறவர். தாடிக்காரரின் படத்தைப் பார்த்ததும் நின்று, பக்தியாகச் சிலுவை போட்டுக்கொண்டார். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா கையிலிருந்த பத்திரிகைப் பொட்டலத்தை மேசையில் வைத்து அவிழ்த்தார். ஐந்து கத்திகள்.

"எவ்வளவு நேரம் செல்லும்?" என்றார்.

"என்னத்துக்கு அக்கா?" என்றார் ரெஜினா.

"கூராக்கித் தாறதுக்கு. வாசல்ல பெருசா போட்டிருக்கே, கூர்ப்பு இலவசமெண்டு!"

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. வாட்சப் சண்டை முழுவதும் கண்முன் வந்தது. இதைத்தானே அம்மா நான் முதலிலிருந்தே சொல்கிறேன்! ஆனால் ரெஜினாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கிப்போயிற்று. அல்பிரட் எழுந்து வந்தார்.

"பாத்தியா?" என்றார் மனைவியிடம். "மேரி அக்காவுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியேல்ல. கூர்ப்பெண்டா கூராக்கிறவர் ஒருத்தர் வேணும். கத்தி தன்னைத் தானே தீட்டிக்கொள்ளுமா? ஆண்டவரை வெளியில நிப்பாட்டிப்போட்டு, எல்லாம் தானா வந்ததெண்டு இஞ்ச எழுதி வச்சிருக்கிறாய். என்ட பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயில் இது. எனக்கு நெஞ்சு நோகுது ரெஜினா."

அவர் வெறும் வீம்புக்காரர் இல்லை, உண்மையாகவே நொந்திருக்கிறார் என்று அந்தக் குரலில் தெரிந்தது. ரெஜினாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கோபப்படாமல் மேரி அக்கா பக்கம் திரும்பினார்.

"அக்கா, இந்த அஞ்சில எது நல்லா வெட்டும்?"

"இதுதான்," என்று வளைந்த கத்தி ஒன்றை எடுத்தார் அக்கா. "மத்ததெல்லாம் சும்மா."

"பழுதாப் போனா என்ன செய்வீங்க?"

"வெட்டாததை எறிஞ்சிடுவன். வெட்டுறதைக் கொண்டுபோய் இதே மாதிரி இன்னொண்டு தாங்கோ எண்டு கேட்டு வாங்குவன்."

"அப்ப பத்து வருசத்தில உங்கட பெட்டியில எல்லாக் கத்தியும் எப்பிடி இருக்கும்?"

"வளைஞ்சுதான் இருக்கும்!"

"ஒரு கத்தியும் தன்னை வளைச்சுக்கொள்ளேல்ல. வெட்டினது நிண்டது, வெட்டாதது போனது. அவ்வளவுதான் அல்பிரட், நாங்க சொல்லுறது."

அல்பிரட் விடுவதாயில்லை. "சரி. எறிய, வாங்க இஞ்ச மேரி அக்கா இருக்கிறா. காட்டில ஆர் மேரி அக்கா?"

 எனக்கு நாக்குத் துருதுருத்தது. "நான் காலையில பார்த்தேன்!" என்று கடற்கரைக் கதையை அவிழ்த்துவிட்டேன். முடிப்பதற்குள் ரெஜினா பிடித்துக்கொண்டார்.

"அதுதான்! மணல் நிற நண்டு தப்பிக் குஞ்சு பொரிக்குது, கறுத்த நண்டு போயிட்டுது. நண்டைத் தீட்டினது காகம். காகத்துக்கு அது தெரியாது, அதுக்குப் பசி மட்டும்தான். கடற்கரையில காகம்தான் மேரி அக்கா!"

"அடியே, என்னைக் காகமெண்டா சொல்லுறாய்?" என்று அக்கா இடுப்பில் கை வைத்தார். மண்டபமே அதிர்ந்து சிரித்தது. அல்பிரட்டின் உதடும் துடித்ததை நான் பார்த்தேன். அவர் அடக்கிக்கொண்டு, "அப்ப ஆண்டவர்?" என்றார், மெதுவாக.

"அதை நான் சொல்ல ஏலாது. நான் பயோலஜி ரீச்சர். அந்தா ஃபாதர் வாறார், கேளுங்க."

சிரிப்புச் சத்தம் கேட்டு வந்த ஃபாதர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அல்பிரட்டின் தோளில் கை போட்டார். "ஒவ்வொரு நண்டையும் உக்காந்து தீட்டுறவர் பெரியவரா, தீட்டத் தேவையில்லாத மாதிரி ஒரு உலகத்தை ஓட விட்டவர் பெரியவரா? நீங்களே சொல்லுங்க அல்பிரட். எனக்கு ரெண்டாவது ஆளிலதான் விசுவாசம்."

அல்பிரட் சாவியை எடுத்துக்கொண்டு விடுவிடென்று வெளியே போனார். மணி பன்னிரண்டை நெருங்கியது. ரெஜினா ஒரு பிள்ளையிடம் சாக்குகளை எடுத்து வரச் சொன்னார். 

சாக்கு வந்து சேரும் முன் அல்பிரட் வந்தார். வீட்டிலிருந்து தீட்டுக்கல்லும் ஒரு வாளி தண்ணீரும் கொண்டு வந்திருந்தார்! வாசல் படியில் உட்கார்ந்து, இஸ்திரிச் சட்டையின் கையை மடித்துவிட்டு, மேரி அக்காவின் முதல் கத்தியை எடுத்தார். "அக்கா, இது முடிய நேரம் செல்லும். அதுக்குள்ள போய் எல்லாத்தையும் வடிவாப் பாத்திட்டு வாங்கோ. சந்தையில ஆக்களுக்கும் சொல்லுங்கோ."

ரெஜினா படியருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன பாக்கிறாய்?" என்றார் அவர், நிமிராமல். "பானர்ல போட்டுட்டியே. கோயில் வாசல்ல பொய் சொல்லக் கூடாது."

ஞாயிறு காலை. பூசை முடிந்ததும் வாசலிலிருந்து தெருமுனை வரை வரிசை. தேங்காய்க் கத்தி, தையல் கத்தரிக்கோல், இறைச்சிக்கடை முதலாளி ஒருவரின் வாள் போன்ற சாமான். புறக்கோட்டைப் புடவை வியாபாரி ஒருவர் குடும்பத்தோடு வந்தார். சிங்களக் குடும்பமொன்று பானர் அடியிலிருந்த சிங்கள வரியை 'பரிணாமய' என்று சரியாக வாசித்துக்கொண்டு வெறுங்கையோடு வந்தது. அல்பிரட் யாரையும் விடவில்லை. "முதல்ல உள்ள. பிறகு கத்தி." உள்ளே குறடு அலகுக்கும் கரண்டி அலகுக்கும் போட்டி பறந்தது. நுளம்பு மூலையில் ஒரு தாய், "அப்ப டெங்கு நுளம்பும் எங்களிட்டப் படிச்சுத்தான் பாஸ் பண்ணுதா?" என்று கேட்டு, பதில் கேட்காமல் நகரமாட்டேன் என்று நின்றார். மரத்தின் அந்தச் சிறு கிளையைச் சுற்றி மூன்று மொழியும் முட்டி மோதின. பாடநூலுக்குள் அடைந்து கிடந்த ஒரு கொள்கை கத்தி பிடித்த கைகளுக்கு நடுவே உலாப் போனதைப் பார்த்து வெட்கமில்லாமல் அழுதேன். என் சொல் தோற்றுக்கொண்டிருந்தது. எனக்கு அது அத்தனை இனித்தது.

திங்கட்கிழமை விடைபெறும்போது, கையெல்லாம் கொப்புளமாக அல்பிரட் என் பெட்டியைத் தூக்கி வந்தார். "ரீச்சர், உங்கட ஊரில இதுக்கு என்ன சொல்லு?"

"பரிணாமம்."

அவர் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "வடிவான சொல்லுத்தான்," என்றார். "ஆனா அதைக் கேட்டு ஒருத்தரும் கத்தி கொண்டு வரமாட்டாங்களே."

எங்கள் கல்லூரி மண்டபம் பெரியது, குளிரூட்டியது. அங்கே என் பரிணாம உரைக்கு வருகிறவர்கள் வருகைப் பதிவுக்காக வருகிறவர்கள். ஊர் திரும்பிய மறுநாள், முதல் வகுப்பில், கரும்பலகை முழுவதும் அடைத்து 'கூர்ப்பு' என்று எழுதினேன். கடைசி வரிசையில், எப்போதும் தூங்கும் ஒருத்தி நிமிர்ந்தாள்.

"மேடம், அது என்ன, கத்தி தீட்டுறதா?"

"ஆமா," என்றேன். "முன்னால வந்து உக்காரு."