சுரேஸ் அத்தான் வேலைக்கு வரவில்லை

உதடு அசையாமல் அஜந்தனுக்கு ஒரு வரி புரோகிராம் எழுத வராது. எழுதும் ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் விசையைத் தட்டுவான். பதுளை பஸார் வீதியில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடிதான் அவன் வெப்சைட் செய்து கொடுக்கும் இடம். கீழே செருப்பு போட்டுப் பார்க்கிறவர்களுக்கு, மேலே யாரோ ஆட்களைப் பேர் சொல்லி வேலைக்கு அனுப்புவது போலக் கேட்கும்.

அனுப்புகிறான்தான். புரோகிராமில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பெயர் வைத்தாக வேண்டும். மற்றவர்கள் ‘டேட்டா ஒன்று’, ‘டேட்டா இரண்டு’ என்று வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார்கள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவனுக்கு அது ஆகாது. “நம்பர் சொல்லி ஆளக் கூப்புடுறதெல்லாம் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தோட போகட்டுங்க. நம்மகிட்ட வேல செய்யிறவங்களுக்குப் பேரு இருக்கு” என்பான்.

தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணுவது பெரட்டு. ஆகவே அவன் செய்து கொடுத்த ஒரு விடுதி வெப்சைட்டில் காலி அறைகளை எண்ணும் பகுதிக்குப் ‘பெரட்டு’. பதிவு செய்தவர்களுக்கு ஓயாமல் நினைவூட்டும் பகுதிக்கு ‘ரெங்கம்மா’. லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டிலிருந்து ஒரே கேள்வியை மூன்று வேளையும் கேட்கிற புண்ணியவதி. பதிவை ரத்துச் செய்து அறையை விடுவிக்கும் பகுதிக்குச் ‘சுரேஸ்’. வருகிறேன் என்று சொல்லி வராமல் போவதில் பேரெடுத்த கூட்டாளி அவன்.

எல்ல ஊரில் அந்த விடுதியை வைத்திருக்கும் ஸப்வான் நானா போன சனிக்கிழமை படியேறி வந்தபோது, ஆளுக்கு முன்னால் குரல் வந்தது.

“தம்பி! ரூமெல்லாம் காலியா ஈக்குது. நான்தான் ஒவ்வொரு கட்டிலா மாறி மாறிப் படுக்கிறேன். உங்கட வெப்சைட் இடமில்ல எண்டு சொல்லுது! ஒரு வேன் நிறைய ஆக்கள் அப்புத்தளையால வாராங்க. வெப்சைட்டுல பதியாம வரமாட்டாங்களாம். பக்கத்து ஹோட்டல்காரன் இப்பவே வாசலக் கூட்டுறான்!”

அஜந்தன் விசாரணையைத் தொடங்கினான். பெரட்டைக் கூப்பிட்டான், அது ஒழுங்காக எண்ணியது. ரெங்கம்மாவைச் சந்தேகப்பட்டான், அவர்மேலும் குற்றமில்லை. திரையின் அடியில் ஒரு சிவப்பு வரி, ‘சுரேஸ் என்று எவரும் இல்லை’ என்று முதலிலிருந்தே கத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் அவன் கண்டும் காணாதவனாக நகர்த்திவிட்டான்.

“அந்தச் சுரேஸப் பாருங்களேன்” என்றார் நானா.

“அவரு அப்படிச் செய்யிற ஆளு இல்ல நானா.”

“நீங்கதானே அவனப் பொய்க்காரன் எண்டு சிரிச்ச?”

“அது முந்தி.” அஜந்தன் குரலைத் தாழ்த்தினான். “போன மாசம் எங்க அக்காவக் கட்டிட்டாரு.”

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கல்யாணம் முடிந்த மறுநாளே, வெறும் பேர் சொல்லி வேலை ஏவ மனம் வராமல், அந்தப் பகுதியைச் ‘சுரேஸ் அத்தான்’ என்று மாற்றியிருக்கிறான். மாற்றியது ஒரே இடத்தில். மற்றப் பக்கங்களெல்லாம் பழையபடி ‘சுரேஸ்’ என்றே கூப்பிட, அந்தப் பேரில் ஆள் இல்லை. ரத்தான அறைகள் ஒன்றும் விடுபடவில்லை.

“எல்லா எடத்துலயும் அத்தான் சேத்துடுறேன், கொஞ்சம் பொறுங்க.”

“ஒரேயடியா மாத்த ஏலாதா?”

“மாத்துனா ரூம் எடுத்த சுரேஸெல்லாம் எனக்கு அத்தானாயிருவாங்களே. ஒன்னொன்னாத்தான் பாக்கணும். பொழுது சாயிறதுக்குள்ள முடிஞ்சிரும்.”

“பொழுது சாயக்குள்ள அவங்க பக்கத்து ஹோட்டல்ல சோறு திண்டுருவாங்க! அந்த ஒரு எடத்துல அத்தான வெட்டுங்க தம்பி!”

“அக்கா மொகத்துல எப்படி முழிக்கிறது?”

“அக்கா கம்பியூட்டருக்குள்ளயா ஈக்கிறா?”

நானாவின் போன் அடித்தது. வேன் பண்டாரவளையைத் தாண்டிவிட்டதாம். “இப்ப திறந்துரும், இப்ப திறந்துரும்” என்று போனிடம் கெஞ்சியபடி அஜந்தனைப் பார்த்தார்.

அஜந்தன் கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றான். சேட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டான். குனிந்து, ‘அத்தான்’ என்ற சொல்லை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான்.

திரையில் அறைகள் ஒவ்வொன்றாகப் பச்சையாகின. நானா போனில் சிரித்தபடி படியிறங்கிப் போனார். அஜந்தன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு, உட்காராமல், அந்த வெறும் பெயருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான்.