பூச்சி, ஆறுமுகம் அண்ணாச்சி கடைச் செடியில் வந்ததல்ல

ஆறுமுகம் அண்ணாச்சி போய்விட்டார். காலையில் அவர் மகள் போனில் சொன்னாள்... நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே.

கிழக்கேகோட்டையில் மீன் தொட்டியும் தொட்டிச் செடியும் விற்கும் சின்னக் கடை அவருடையது. நாகர்கோவில்காரர்.

என் மகன் பெங்களூருக்குப் போகும்போது, செடி வைத்த கண்ணாடித் தொட்டியையும் அதில் இரண்டு வெளிநாட்டுப் பச்சைத் தவளைகளையும் என்னிடம் விட்டுப் போனான். செடிகள் அண்ணாச்சி கடையில் வாங்கியவை.

போன மழைக்காலத்தில் தொட்டி மண்ணிலிருந்து கறுப்புப் பொடிப் பூச்சிகள் கிளம்பின. கடிக்காது. ஆனால் வீடு முழுக்க...

"ரசத்துல மிதக்குறது கடுகா பூச்சியான்னு பாத்தே எனக்குக் கண்ணு போச்சு. தவளை இருக்கணுமா, நான் இருக்கணுமா, சொல்லிருங்க" என்றாள் மனைவி.

அந்த எரிச்சலில், செடி வளர்ப்பவர்களின் வாட்ஸப் குரூப்பில் எழுதிவிட்டேன். ஆறுமுகம் கடைச் செடியில் பூச்சி வருகிறது, கவனம் என்று.

ரிட்டயர்ட் வாத்தியார் சொன்னால் நம்புவார்கள் அல்லவா. இனி அங்கே வாங்க மாட்டோம் என்று நாலைந்து பேர் பதில் போட்டார்கள்.

மறுநாள் அவரே மாடியேறி, மூச்சு வாங்க வந்து நின்றார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன். ஒரு ஸ்பூன் கேட்டார். மண்ணைக் கிளறி முகர்ந்து பார்த்தார்.

"சாரே, இதுல என்னவாக்கும் ஊத்துதிய?"

"அரிசி களைஞ்ச தண்ணி. மாடித் தொட்டிக்கு ஊத்துறதுதான். செடிக்கு நல்லதுல்லா?"

"செடிக்கு நல்லதுதான். பூச்சிக்கு அதவிட நல்லது. மண்ணு புளிச்சு பூஞ்சை பிடிச்சா அதுக்குக் கல்யாணச் சாப்பாடுல்லா!"

மருந்து அடிக்கலாமா என்றேன்.

"அய்யோ, வேண்டாம் சாரே. தவளை தோலு வழியாட்டும் மூச்சு விடும். பூச்சிக்கு முன்னால அது போயிரும்."

அழுகிய இலைகளை அவரே பொறுக்கினார். அடியில் தேங்கிய தண்ணீரை ட்யூப் போட்டு எடுத்தார். தவளைகளுக்குத் தண்ணீர்க் கிண்ணம் இருக்கட்டும், மேல்மண் மட்டும் காயட்டும் என்றார்.

மஞ்சள் ஒட்டு அட்டையைத் தொட்டிக்கு வெளியே மாட்டினார். உள்ளே வைத்தால் தவளை ஒட்டிக்கொள்ளுமாம்.

கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, "சாரே, குரூப்புல ஒரு வரி போட்டா கொள்ளாம், நல்லாருக்கும். சமயம் கிட்டும்போ போதும்."

சரி என்றேன்.

ஒரு மாதத்தில் பூச்சி அடங்கியது. தவளைகள் நன்றாக இருக்கின்றன. நான் எழுதவில்லை... இன்று, நாளை என்று.

வகுப்பில் பேசியது யார் என்று பார்க்காமல் ஒருவனை எழுப்பி நிறுத்துவோம். பிறகு உண்மை தெரிந்தால் 'சரி, உட்கார்' என்போம். அதைக்கூட நான் அண்ணாச்சிக்குச் சொல்லவில்லை.

அதன்பின் இரண்டு முறை கடைக்குப் போனேன். அவர் கேட்கவில்லை. நானும் பேச்செடுக்கவில்லை.

இன்று குரூப்பில் எழுதினேன். இங்கேயும் எழுதுகிறேன். பூச்சி அவர் கடையிலிருந்து வரவில்லை, நான் ஊற்றிய தண்ணீரால் வந்தது.

குரூப்பில் எல்லோரும் கைகூப்பும் படம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எத்தனை பேர் படித்தார்கள், தெரியவில்லை.

ஆட்டோ வந்துவிட்டது. வருகிறேன், அண்ணாச்சி.