நிலையில் மாட்டிய ஆர்கன் பெட்டி

எழுதிப் பழக்கம் இல்லாதவன் எழுதுகிறேன். எட்டாவது வரைதான் படித்தேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசவே எனக்கு வாய் வராது. இதையெல்லாம் எழுதுவதற்கு நான் யார் என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

இது அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் நடந்தது. அப்போது நான் ஒரு டாக்கீஸில் மிஷின் ஆபரேட்டராக இருந்தேன். வேலை சாயங்காலம்தான் தொடங்கும். பகலில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மரவேலை செய்வேன். யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆசாரிமார் வேலை செய்யும் இடத்தில் தள்ளி நின்று பார்த்துக் கற்றது. முக்காலி, சாமி அலமாரி, பக்கத்து வீட்டுக்கு ஒரு தொட்டில், அவ்வளவுதான் என் அனுபவம்.

ஊருக்கு வந்திருந்த நாடகக் கம்பெனி ஒன்று நொடித்துப்போய்ச் சாமான்களை விட்டுவிட்டுப் போனது. அதில் காலால் மிதித்து வாசிக்கிற ஆர்கன் ஒன்று இருந்தது. கூடு முழுவதையும் கரையான் தின்றுவிட்டது. உள்ளே இருந்த துருத்தியும் ஒலி எழுப்பும் ரீட்களும் வாசிக்கிற கட்டைகளும் மட்டும் நன்றாக இருந்தன. டாக்கீஸ் முதலாளி, "அடுப்புக்குக்கூட ஆகாது, வேணும்னா எடுத்துக்க" என்றார். எனக்கு அரைகுறையாக வாசிக்கத் தெரியும். வீட்டில் நாமே ஒரு ஆர்கன் வைத்துக்கொண்டால் என்ன என்று ஆசை வந்துவிட்டது. கூடு செய்தால் போதும் என்று நினைத்தேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. பலகையை நீட்டினால் வாசலுக்கு வெளியே போய்விடும். அப்போது என் தங்கை கணவர் ஒரு செட்டியார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வீட்டுக்காரர்கள் எல்லோரும் மெட்ராஸில். தங்கையும் அவரும் பின்கட்டில் இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். தங்கை அப்போது உண்டாகியிருந்தாள். மாப்பிள்ளைதான், "வளவுல ஒரு அறை சும்மாதான கெடக்கு, அங்க வச்சுச் செய்யுங்க மச்சான். யாரு வரப்போறாக?" என்று திறந்துவிட்டார். வளவு என்பது வீட்டின் நடு முற்றமும் அதைச் சுற்றியுள்ள அறைகளும். ஆளுயரத் தூண்களும் சிவப்புத் தரையுமாக, அங்கே உட்கார்ந்து இழைப்புளி தள்ளும்போது நான் ஒரு பெரிய ஆசாரி என்றே எனக்குத் தோன்றும்.

அந்த நினைப்புத்தான் கெடுத்தது. கூடு முடிந்த பிறகும் எனக்கு ஆசை அடங்கவில்லை. அந்த வீட்டுத் தூண்களின் அடியில் அகலமாக ஒரு பீடம் இருக்கும். அதேபோல என் பெட்டிக்கும் ஒரு பீடம் வைத்தால் எடுப்பாக இருக்கும் என்று சுற்றிலும் அகலமாகச் செய்து, முளை அடித்து, வஜ்ரப் பசை காய்ச்சி ஊற்றி ஒட்டினேன். நன்றாகவே அமைந்தது. ரீட், துருத்தி எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி, பாலிஷ் போட்டு நிறுத்தியபோது மாப்பிள்ளை சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "தேக்குன்னா தேக்குதான் மச்சான்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்காரர்கள் மகள் கல்யாணத்துக்காக அடுத்த வாரம் வருவதாக இருந்தது. அதற்குள் பெட்டியை எடுத்துவிடலாம் என்று இருந்தோம். ஒரு நாள் மத்தியானம் நான் அங்கே போனபோது மாப்பிள்ளை வாசலிலேயே நின்றார். முகத்தில் ரத்தம் இல்லை.

"மச்சான், வீட்டுக்கார ஆச்சி முன்னாடியே காலை வண்டியில வந்து இறங்கிட்டாகளாம். அரியக்குடியில சொந்தக்காரவுக வீட்டுல சாப்புட்டுக்கிட்டு இருக்காக. டிரைவர் வந்து சொல்லிட்டுப் போறான். சாப்பாடு முடிஞ்சதும் நேரா இங்குட்டுத்தான்."

சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் ஒரு அந்நியனை விட்டு, உளியும் சுத்தியலுமாக வேலை செய்ய வைத்தது தெரிந்தால் மாப்பிள்ளைக்கு வேலை போகும். வேலை போனால் வீடும் போகும். வயிற்றுப் பிள்ளைக்காரியைக் கூட்டிக்கொண்டு எங்கே போவார்? என் வீட்டில் நாங்களே படுக்க இடம் இல்லை.

"பதறாதீக. செட்டியார் வீட்டு விருந்து சட்டுனு முடியாது. இப்பத்தான் கொழம்பு ஊத்தியிருப்பாக. அப்பறம் ரசம், மோரு, பாயசம்னு எம்புட்டோ இருக்கு" என்றார் மாப்பிள்ளை, தனக்கே சொல்லிக்கொள்வது போல.

"ஆச்சிக்குச் சக்கரை. பாயசம் தொட மாட்டாக" என்றாள் தங்கை.

ரீட்களைக் கழற்ற நேரம் இல்லை. அப்படியே தூக்கிவிடலாம் என்று போனோம். அறைக்குள் நின்று கதவைப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்த வீடுகளில் நிலை பெரிதாக இருக்கும், சித்திர வேலை எல்லாம் இருக்கும், ஆனால் ஆள் நுழைகிற வாய் குறுகல். பலகைகளை ஒவ்வொன்றாக நீளவாக்கில் உள்ளே கொண்டு வந்தவன், பெட்டிக்கு உள் அளவு, வெளி அளவு, கட்டைகளின் அளவு என்று எல்லாம் எடுத்தேன். கதவை அளக்கவில்லை.

பெட்டியை ஒருக்களித்து நிறுத்தி, தலைப்பக்கத்தை முன்னால் விட்டோம். மாப்பிள்ளை வெளியே இருந்து இழுக்க, நான் உள்ளே இருந்து தள்ளினேன். பெட்டியின் உடம்பு முழுக்க இழைந்துகொண்டே போய்விட்டது. பீடம் வந்து நிலையில் இடித்தது. ஒரு தம் பிடித்துத் தள்ளினேன். ஓரப்பட்டை இடது கதவுக்கும் நிலைக்கும் இடையில் புகுந்து கடித்துக்கொண்டது. முன்னாலும் போகவில்லை. பின்னால் இழுத்தால் அங்கேயும் வரவில்லை.

நான் அறைக்குள். அவர்கள் வெளியே. நடுவில் கதவு மாதிரி என் பெட்டி. எனக்கும் அவர்களுக்கும் இடையில் பெட்டிக்கு மேல் ஒரு சாண் இடைவெளி மட்டும் இருந்தது. ஜன்னலில் இரும்புக் கம்பி.

"மச்சான், பீடத்தை உடைச்சிருங்க" என்றார் மாப்பிள்ளை.

"வஜ்ரம் போட்டது உடையாது. கதவைக் கழட்டிப் பாப்பமா?"

"கல்யாண வீட்டுக் கதவையா? வேற வெனையே வேணாம்" என்று தங்கை கத்தியேவிட்டாள். நான் அந்த எண்ணத்தை விட்டேன். பீடத்தை அறுப்பதற்கோ மனம் வரவில்லை.

தோளைக் கொடுத்து இன்னொரு முறை முட்டினேன். பெட்டி நகரவில்லை. துருத்திதான் அழுந்தியது. உள்ளே ஏதோ ஒரு ரீட் திறந்துகொண்டு, மாடு முனகுவது போல நீளமாக ஒரு சத்தம் வந்தது. அது அடங்குவதற்குள் வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பிறகு நடந்ததை நான் பாதி காதால்தான் அறிந்தேன். ஆச்சி வெறுங்காலோடு வளவுக்கு வந்தார்கள். கால் சத்தம் இல்லை. வளையல் சத்தம் மட்டும் வந்து நின்றது.

"என்னப்பா இது?"

"ஒண்ணுமில்ல ஆச்சி… பெட்டி."

"பெட்டின்னு கண்ணுக்குத் தெரியுது. யாரு பெட்டி?"

மாப்பிள்ளை இழுத்து இழுத்துச் சொன்னார். "இங்கன கெடந்ததுதான் ஆச்சி, பழைய…"

"இந்த வீட்டுல ஒரு கரண்டி இருந்தாலும் அதுல பேரு வெட்டியிருக்கும். எனக்குத் தெரியாத சாமான் எப்படிக் கெடக்கும்?" குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால்கூடத் தேவலை. "உள்ள யாரு?"

தங்கைதான், "எங்க அண்ணன் ஆச்சி" என்றாள்.

யாரோ பெட்டியை விரலால் தட்டினார்கள். அந்தத் தட்டு என் நெஞ்சில் பட்டது.

"என்ன பலகை இது?"

"நல்ல தேக்கு ஆச்சி" என்றார் மாப்பிள்ளை. பாவம், பெருமையாகச் சொன்னால் கோபம் குறையும் என்று நினைத்திருப்பார்.

"தேக்கு." ஆச்சி அந்தச் சொல்லை மெதுவாகத் திருப்பிச் சொன்னார்கள். "மேல் அறையில எங்க மாமனார் காலத்துத் தேக்கு அடுக்கிக் கெடக்கு. பர்மாவுல இருந்து வந்தது. எத்தனை பலகைன்னு எங்க வீட்டுக்காரவுகளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஒனக்குத் தெரியுமாப்பா?"

அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. இது வேலை போகிற விஷயம் மட்டும் அல்ல. திருட்டுப் பட்டம். அந்தப் பெயரோடு என் மாப்பிள்ளைக்கு அந்தச் சீமையில் எந்த வீட்டில் சாவி கொடுப்பார்கள்?

தங்கை அழத் தொடங்கினாள். "எங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆளு இல்ல ஆச்சி."

"ஆளைப் பத்தி நான் கேக்கல தாயி. பலகையைப் பத்திக் கேட்டேன்."

"தேக்கு இல்ல ஆச்சி" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

"பின்ன?"

"கள்ளிப்பெட்டி. பலசரக்குக் கடையில வாங்குன சோப்புப் பெட்டி, பிஸ்கட் பெட்டி. காலுக்கு மட்டும் மாம்பலகை. காவியும் டீத்தண்ணியும் கலந்து பூசி மேல பாலிஷ் போட்டிருக்கேன்."

"என்ன மச்சான் சொல்றீக?" என்றார் மாப்பிள்ளை. "தெருப் பூராவும் தேக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். நீகளும் சும்மா இருந்தீகளே."

சும்மாதான் இருந்தேன். டாக்கீஸில் டிக்கெட் கொடுப்பவர்கூட, தேக்கில் ஆர்கன் செய்கிறாயாமே என்று கேட்டிருக்கிறார். சிரித்துவிட்டுப் போயிருக்கிறேன். பிஸ்கட் பெட்டியில் செய்தது என்று சொல்ல வெட்கம். அந்த வெட்கம்தான் இப்போது தங்கை குடும்பத்தின் கழுத்தில் வந்து நின்றது.

"சொல்றது யாரும் சொல்லலாம். காட்டு" என்றார்கள் ஆச்சி.

ரம்பம் என் பக்கம்தான் கிடந்தது. பீடத்தின் விளிம்பில் வைத்தேன். இழைத்து இழைத்து வளைவு எடுத்த விளிம்பு அது. முதல் இழுப்பு வழுக்கியது. நிலையில் ஒரு கீறல் விழுந்தால் அது வேறு பழி. இடது கையால் நிலையை மூடிக்கொண்டு அறுத்தேன். ரம்பத்தின் பல் விரலில் பட்டு ரத்தம் வந்தது. தேக்குத் தூள் பழுப்பாக விழும். இது வெள்ளை வெளேரென்று மாவு போல விழுந்தது. அதைப் பார்த்து என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதி அடைந்தது இல்லை.

அறுந்த துண்டை மேல் இடைவெளி வழியாக நீட்டினேன். ஒரு கை வாங்கிக்கொண்டது. பெட்டி தளர்ந்திருந்தது. சந்து வழியாகப் பார்த்தேன். ஆச்சி அதை முற்றத்து வெயிலுக்குக் கொண்டுபோய்ப் புரட்டினார்கள், நகத்தால் கீறினார்கள், பிறகு முகர்ந்தும் பார்த்தார்கள்.

"கள்ளிப்பெட்டிதான். பவுச மட்டும் பாரு, பர்மாவுல இருந்து வந்த மாதிரி" என்றார்கள். டிரைவர் சிரித்துவிட்டார். ஆச்சி சிரிக்கவில்லை. மாப்பிள்ளையைப் பார்த்து, "பலகை விஷயம் முடிஞ்சது. ஆனா எனக்குத் தெரியாம என் வீட்டைத் தொறந்து விட்டது முடியல. சாவிக்கொத்தை எடுத்துத் தா" என்றார்கள். அவர் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்த கை உடனே கீழே இறங்கவில்லை.

டிரைவரும் ஒரு கை கொடுக்க, பெட்டி வெளியே வந்தது. நான் அதன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு வந்தேன். ஆச்சி என் விரலைப் பார்த்தார்கள்.

"எதுக்கு அறுத்தே? இடது கதவை லேசாத் தூக்கினா அது சுத்துற குடுமி குழியில இருந்து கழண்டு வந்துரும். எங்க வீட்டுக் கட்டிலு பீரோ எல்லாம் அப்படித்தான் உள்ள போச்சு."

"காட்டுன்னு சொன்னீக ஆச்சி."

ஆச்சி தங்கையைக் கூப்பிட்டு, "அண்ணன் விரலுக்கு மஞ்சள் வச்சுக் கட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். வேலை உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை இல்லை. கைவண்டி பிடித்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்தேன். அன்று டாக்கீஸில் இரண்டு இடத்தில் படம் அறுந்தது. ஜனங்கள் விசில் அடித்தார்கள். பின்கட்டில் அவர்கள் இருவரும் மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்களோ என்பதே நினைப்பாக இருந்தது.

இப்போது எனக்கு ஐம்பது நெருங்குகிறது. ஆர்கன் இன்னும் வீட்டில் இருக்கிறது. அறுத்த ஓரத்துக்கு நான் பாலிஷ் போடவில்லை. வருகிறவர்கள் தட்டிப் பார்த்து "தேக்கா?" என்று கேட்டால், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் "கள்ளிப்பெட்டி" என்று சொல்லிவிடுகிறேன். நாம் ஒன்றும் பேசாமல் சும்மா இருப்பதுகூட இன்னொருவர் தலையில் போய் விழும் என்பதை அந்த மத்தியானத்துக்கு முன் நான் அறிந்திருக்கவில்லை.

அதற்கு மறுநாள் காலையில் ஆச்சி சாவிக்கொத்திலிருந்து அந்த அறைச் சாவியை மட்டும் கழற்றித் தன்னிடம் வைத்துக்கொண்டு, மீதியை என் தங்கை கையில் கொடுத்தார்கள்.