ஜெராக்ஸ் அக்கா பெயரில் ஒரு டிவி

வருடக் கடைசி விடுமுறைக்கு முந்தைய பத்து நாளும் ஜெராக்ஸ் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. எதிரில் இருக்கும் வீட்டுச் சாமான் கடை தள்ளுபடி போர்டை வைத்ததும், தவணையில் டிவி, வாஷிங் மெஷின் வாங்குகிறவர்கள் அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து இங்கே வந்துவிடுவார்கள். கடையை நடத்துகிறவளுக்கு நாற்பத்தாறு வயது. தெருவுக்கே அவள் ஜெராக்ஸ் அக்கா.

இந்த வருடம் அக்காவிடம் ஒரு புதுப் பழக்கம். நகலை எடுத்தவுடன் கொடுப்பதில்லை. பேனாவைக் கையில் திணித்து, எந்தக் கடைக்கு, என்ன பொருளுக்கு, என்ன தேதி என்று அட்டைப் படத்தின் மேலேயே குறுக்காக எழுதவைக்கிறாள். மிக்சி வாங்க வந்த ஒருவர் பொறுமை இழந்து கேட்டேவிட்டார்.

"ஏங்க்கா, ஜெராக்ஸ் எடுக்க வந்தா பரீட்சை எழுதச் சொல்றீங்க?"

"எழுதுங்க, பாஸ் போட்டு அனுப்புறேன்."

மற்றவர்களின் காகித விஷயத்தில் அக்கா எப்போதுமே கறார்தான். பாழான நகல் எதையும் முழுதாகக் குப்பையில் போட்டதில்லை. எட்டாகக் கிழித்து இரண்டு கூடைகளில் பிரித்துப் போடுவாள். காலையில் மெஷினைச் சோதிக்கவோ, டோனர் மாற்றியபின் சோதிக்கவோ வாடிக்கையாளரின் காகிதத்தைத் தொடக் கூடாது என்பது அவள் போட்ட சட்டம். அதனால் தன் அட்டையையே கண்ணாடியில் வைப்பாள். பொடி எழுத்து, முகம், கட்டம் எல்லாம் அதில் உண்டு. மெஷினுக்கு என்ன கோளாறு என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும். பின்பக்கம் வெள்ளையாகத்தானே இருக்கிறது, வீணாக்குவானேன் என்று அந்தத் தாள்களை அடுக்கிவைப்பாள். போன வருடத் தள்ளுபடி நெரிசலில் எதிர்க்கடைக்காரர் டோக்கன் எழுதக் காகிதம் கேட்டபோது அந்தக் கட்டைத்தான் பாதி பாதியாகக் கிழித்துக் கொடுத்தாள். ஊரார் அட்டைகளுக்குக் காவல் நின்றவளுக்குத் தன் அட்டையும் அதே ஜாதிதான் என்பது தோன்றவே இல்லை.

ஆறு மாதம் கழித்து மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. கட்டணம் கட்ட இருபது நாள்தான் அவகாசம். கல்விக் கடன் கேட்டுப் போன இடத்தில், அக்கா பெயரில் அறுபத்தைந்து இஞ்ச் டிவிக்கு வாங்கிய கடன் ஒரு தவணைகூடக் கட்டாமல் நிற்கிறது, அதனால் தர முடியாது என்றார் வங்கி மேலாளர். ஆள் மாறிப்போயிருக்கும் என்றாள் அக்கா. அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் அவளுடையவை. போன் நம்பர் மட்டும் யாருடையதோ.

வேன் ஓட்டும் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு வீட்டுச் சுவரையே அளந்துகொண்டிருந்தார்.

"இந்தச் சுவத்துல மாட்டினா பாதி டிவிய பக்கத்து வீட்டுக்காரன்ல பாப்பான்."

மகள் சிரிக்கவில்லை. கல்லூரிக் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது அக்காவுக்கு.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு, தாயும் மகளும் அந்தக் கடன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி, மகளைவிடப் பத்து வயது மூத்த பெண், கோப்பைத் தேடி எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டாள்.

"நான் இவ்வளவு அழகா போட மாட்டேம்மா," என்றாள் அக்கா.

அடுத்த தாள், அட்டையின் நகல். நெற்றியிலிருந்து மோவாய்வரை முகத்தில் ஒரு கறுப்புக் கோடு. மெஷினின் டிரம்மில் கீறல் விழுந்திருந்த வாரம் வந்த கோடு அது. அக்கா கையை நீட்டித் தாளைத் திருப்பினாள். பின்பக்கம் பட்டைப் பேனாவில் 'டோக்கன் 47' என்று இருந்தது.

"அம்மா, இது நம்ம கட்டுப் பேப்பர்," என்றாள் மகள். "நீதான கிழிச்சுக் குடுத்த?"

பத்தொன்பது வருடம் ஜெராக்ஸ் கடை நடத்தியவள், தன் அட்டையைத் தானே தூக்கிக் கொடுத்த கதையை ஒரு அந்நியப் பெண்ணிடம் முதலிலிருந்து சொன்னாள். எங்கேயும் குரலைத் தாழ்த்தவில்லை. அந்தப் பெண் கேட்டுவிட்டு, தாளை இன்னொரு முறை திருப்பினாள்.

"எங்க ஆளும் இதத் திருப்பிப் பாத்திருக்கணும்," என்றாள்.

விடுமுறை விற்பனைக்கு மட்டும் அந்த வீட்டுச் சாமான் கடையில் உட்காரவைத்திருந்த கம்பெனி ஆள், கடன் எண்ணிக்கை காட்டச் செய்த வேலையாக இருக்கும், அவர் ஜனவரியிலேயே நின்றுவிட்டார் என்றாள். போலீசில் புகார் கொடுத்து ரசீது கொண்டுவரச் சொன்னாள். விசாரணை முடிந்து பெயரைச் சுத்தம் செய்ய முப்பது நாள் ஆகும்.

"அதுக்குள்ள என் சீட் போயிடும், மேடம்."

விசாரணை நடக்கிறது என்று அதிகாரி அன்றே ஒரு கடிதம் அடித்துத் தந்தாள். வங்கி மேலாளர் அதைப் படித்துவிட்டு, இது போதாது என்று திருப்பிக் கொடுத்தார். கல்லூரி அலுவலகத்தில் மூன்று ஜன்னல் மாற்றி அலைந்தபின், நான்காவது ஜன்னலில் கட்டணம் கட்ட இன்னும் பதினைந்து நாள் அவகாசம் கொடுத்தார்கள். இருபத்தெட்டாம் நாள் பெயர் சுத்தமானது. கல்விக் கடன் வந்து, வகுப்பு தொடங்கி ஒன்பது நாள் ஆனபின் மகள் போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள் மதியம் கடைக்குப் போன் வந்தது. வெள்ளைக் கோட்டு ஒரே ஒரு அளவில்தான் மிச்சம் இருந்ததாம். கை விரலை மூடுகிறதாம்.

"மடிச்சு விட்டுக்கோ," என்றாள் அக்கா. "மொதல்ல போய் கிளாஸ்ல உக்காரு."